ஜவ்வரிசி போல ஒன்று கரை ஒதுங்கியது

2025 ஜூன் மாதம் தனுஷ்கோடி மணலில் உட்கார்ந்து சல்லடை போட்டுச் சலித்த அந்தக் காலை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. வீட்டில் மாவு சலிக்கிற சல்லடைதான். மணல் கீழே இறங்கிவிடும், மேலே வெள்ளை வெள்ளையாக ஜவ்வரிசி மாதிரி தங்கும். விரலில் உருட்டினால் வழுக்கும். பிளாஸ்டிக் குருணை. நாம் வாங்கும் வாளியும் குடமும் பையும் உருவாவதற்கு முன் அதன் மூலப்பொருள் இந்த வடிவத்தில்தான் மூட்டை மூட்டையாகக் கப்பலேறுகிறது. வெயில் ஏறும்வரை சலித்தும் என்னால் அரை வாளிகூட நிரப்ப முடியவில்லை. அலை வந்து, சலித்து முடித்த இடத்திலேயே புதிதாக ஒரு வெள்ளைக் கோடு போட்டுவிட்டுப் போனது.

இலங்கையின் மன்னார்த் தீவில் இருக்கும் பேசாலையில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார், மீன்பிடிக் குடும்பம். அதே மாதம் அவர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். உள்ளங்கையில் அதே குருணை. கூடவே ஒரு குரல் பதிவு: "அண்ணை, உங்கட பக்கமும் இது ஒதுங்கினதோ? இஞ்ச கரை முழுக்க இதுதான் கிடக்குது." தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. இரண்டு பேரும் ஒரே குப்பையை, ஒரே மாதிரி சல்லடையால், ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமல் அள்ளிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அந்த ஆண்டு மே 25 அன்று கேரளக் கரைக்கு அப்பால் 640 கொள்கலன்களோடு ஒரு சரக்குக் கப்பல் மூழ்கியது. அவற்றில் சிலவற்றில் இருந்தது இந்தக் குருணைதான். தென்மேற்குப் பருவத்தில் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், குமரிமுனையைச் சுற்றிக் கிழக்கே தள்ளும் என்பது இந்தக் கரையில் பிறந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆகவே குருணை எந்தப் பக்கம் போகும் என்று கணக்குப் போட அவகாசம் இருந்தது. ஆனால் என் நண்பருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. கடல் கொண்டுவந்து காலடியில் கொட்டிய பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

நான் திரும்பத் திரும்பச் சொல்லிவருவது இதைத்தான். கடலைக் காப்பாற்ற நம் பகுதி நாடுகளிடம் அமைப்புகள் இல்லாமல் இல்லை. இருக்கிற அமைப்புகள் விபத்துக்குப் பிறகு ஓடி வருகின்றன. விபத்துக்கு முந்தைய நாள் ஒன்றோடொன்று பேசுவதில்லை.

எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே தீப்பிடித்தது. 1,486 கொள்கலன்கள், 25 டன் நைட்ரிக் அமிலம், ஏறக்குறைய 1,680 டன் பிளாஸ்டிக் குருணை. செத்த ஆமைகள் கரை ஒதுங்கின, மீனவர்கள் கடலுக்குள் இறங்கத் தடை போட்டார்கள். இதெல்லாம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்கு முன் நடந்ததைத்தான் நாம் அதிகம் பேசவில்லை. கொழும்புக்கு வருவதற்கு முன்பே அதில் ஒரு கொள்கலனிலிருந்து அமிலம் கசிந்துகொண்டிருந்தது. கத்தாரின் ஹமாத் துறைமுகத்திலும், நம் குஜராத்தின் ஹசீராவிலும் அந்த ஒரு கொள்கலனை இறக்கிக்கொள்ளும்படி கேட்டதாகவும், அதைக் கையாள உடனடி வசதியோ ஆளோ இல்லை என்று இரண்டு இடத்திலும் மறுத்துவிட்டதாகவும் கப்பல் தரப்பு சொன்னது. கசியும் பெட்டியோடு கப்பல் கொழும்பை நோக்கி வந்தது.

தீப்பிடித்த பிறகு இந்தியக் கடலோரக் காவல்படை போய் இலங்கையோடு சேர்ந்து தீயை அணைத்தது. 2020 செப்டம்பரில் நியூ டயமண்ட் எண்ணெய்க் கப்பல் எரிந்தபோதும் அப்படித்தான், சுமார் 2,70,000 டன் கச்சா எண்ணெய் கடலில் கலக்காமல் தடுத்தார்கள். உயிரைப் பணயம் வைத்த வேலை அது. அந்த வீரர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் தீயணைக்கக் கப்பல் அனுப்ப முடிந்த நாடுகளுக்கு, ஒரு வாரம் முன்னால் ஒரு பெட்டியை எங்கே இறக்குவது என்று சேர்ந்து முடிவெடுக்க முடியவில்லையே. அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. தெற்காசிய நாடுகளின் கூட்டுச் சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று 1982 முதல் இயங்குகிறது, அலுவலகம் கொழும்பிலேயே இருக்கிறது. இந்தியா, இலங்கை, வங்கதேசம், மாலத்தீவு, பாகிஸ்தான் ஆகிய ஐந்து நாடுகளும் சேர்ந்து 1995இல் தெற்காசியக் கடல்களுக்கான செயல்திட்டம் ஒன்றை ஏற்றுக்கொண்டன. எண்ணெயோ ரசாயனமோ கடலில் கொட்டினால் சேர்ந்து செயல்படுவதற்கான புரிந்துணர்வு ஒப்பந்தத்துக்கு இந்திய அமைச்சரவை 2018 மார்ச்சில் ஒப்புதல் கொடுத்தது. சரி, நல்லது. ஆனால் நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்படிக்கை ஒன்று இந்தக் கடலுக்கென்று இன்றுவரை இல்லை. புரிந்துணர்வு என்பது மனம் இருந்தால் உதவுவது. கசியும் கப்பலுக்கு இந்தத் துறைமுகம்தான் இடம் கொடுக்க வேண்டும், செலவை இப்படித்தான் பங்கிட வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்தால்தான் அது பாதுகாப்பு.

முடியாத காரியமா? பால்டிக் கடலைப் பாருங்கள். 1974 மார்ச்சில், பனிப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், சோவியத் ஒன்றியம், இரண்டு ஜெர்மனிகள், போலந்து, சுவீடன், பின்லாந்து, டென்மார்க் என்று ஏழு நாடுகள் ஹெல்சிங்கியில் உட்கார்ந்து அந்தக் கடலைக் காக்கக் கையெழுத்துப் போட்டன. ஒருவர் மீது ஒருவர் ஏவுகணையைக் குறிவைத்திருந்த இரு அணி நாடுகளும் அதில் இருந்தன! நஞ்சு ரசாயனங்களைத் தடுத்த பிறகு, அற்றுப்போகும் நிலையில் இருந்த வெள்ளைவால் கடல் கழுகுகள் அங்கே மீண்டும் பெருகின. அதே 1974 ஜூனில் இந்தியாவும் இலங்கையும் பாக் நீரிணையில் எல்லைக்கோடு போட்டன. அந்தக் கோட்டைப் பற்றி ஐம்பது வருஷமாகப் பேசுகிறோம். கோட்டுக்கு இரண்டு பக்கமும் இருக்கும் தண்ணீரைப் பற்றி எவ்வளவு பேசியிருக்கிறோம்?

எங்கள் பக்கத்துத் தவறையும் சொல்லத்தான் வேண்டும். விசைப்படகுகள் இழுத்துச் செல்லும் இழுவைமடி வலை கடல் தரையை வழித்து எடுத்துவிடுகிறது. கடல்தாழை என்கிற கடல்புல் வேரோடு போகிறது. அதைத் தின்று வாழும் ஆவுளியாவுக்கு, அதாவது கடல்பசுவுக்கு, தமிழக அரசு 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை ஒதுக்கியது. மனதார வரவேற்றேன். ஆனால் ஆவுளியா புல் இருக்கிற இடத்துக்குப் போகும், அதற்குக் கோடு தெரியாது. இலங்கை 2017இல் இழுவைமடிக்குச் சட்டப்படி தடை போட்டது. இங்கே அப்படி முழுத் தடை இல்லை, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் உண்டு. கடலடியில் ஊரும் கடல் அட்டை என்ற உயிரினத்தைத் தொடவே கூடாது என்கிறது நம் சட்டம், அங்கே அனுமதி வாங்கிப் பிடிக்கலாம், வளர்க்கலாம். ஒரே அட்டை, இரண்டு சட்டம். இந்த இடைவெளியில்தான் கடத்தல்காரர்கள் பிழைக்கிறார்கள். கடைசியில் சிறைக்குப் போவதும் படகை இழப்பதும் கூலிக்குப் போன பையன்கள்தான். அவர்கள் வீட்டுப் பெண்கள் மனு எழுதிக்கொண்டு அலைவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதனால் இதை வெறும் சுற்றுச்சூழல் பிரச்சினையாக மட்டும் என்னால் பார்க்க முடியாது.

பெரிய மாநாடு எதையும் நான் கேட்கவில்லை. ராமேஸ்வரத்திலும் மன்னாரிலும் ஒவ்வொரு அறை. இரவு பகல் ஆள் இருக்க வேண்டும், தமிழில் பேச வேண்டும். ஒரு கப்பல் கசிந்தாலும், ஓர் ஆமை செத்து ஒதுங்கினாலும், அந்த மணி நேரத்திலேயே இந்த அறையிலிருந்து அந்த அறைக்குத் தகவல் போக வேண்டும். மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளையும் கடல்தாழையையும் இரு நாட்டு ஆய்வாளர்களும் ஒரே முறையில் அளந்து ஒரே இடத்தில் பதிய வேண்டும். அந்த அறையில் இரண்டு கரை மீனவச் சங்கத்தாருக்கும் நாற்காலி வேண்டும், கூட்டம் முடிந்ததும் கையெழுத்து வாங்குவதற்காக அல்ல.

இப்போதைக்கு நானும் பேசாலை நண்பரும் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறோம். கரையில் புதிதாக எது ஒதுங்கினாலும் படம் எடுத்து, தேதியும் காற்றின் திசையும் எழுதி மற்றவருக்கு அனுப்பிவிடுகிறோம். போன வாரம் அவர் அனுப்பிய படத்தில், அலை மேடேறிய இடத்தில், காய்ந்த கடல்தாழைக்கு நடுவே இன்னும் அந்த வெள்ளைக் குருணை கிடக்கிறது.