ஆட்சென்ஸுக்கு மாற்று மாசி வீதியில் இருக்கிறது

"அண்ணே, ஆட்சென்ஸ்ல ஒண்ணும் தேறல. வேற எதாச்சும் நல்ல நெட்வொர்க் இருந்தா சொல்லுங்க." தமிழில் வலைத்தளம் நடத்துகிற தம்பி தங்கைகள் பலரும் உள்பெட்டியில் இதைக் கேட்டுவிட்டார்கள். ஆட்சென்ஸ் என்பது நம் தளத்தில் விளம்பரம் காட்டி, வருகிற பணத்தில் நமக்குப் பங்கு தரும் கூகுளின் திட்டம். இப்படி விளம்பரதாரருக்கும் தளத்துக்கும் நடுவில் நிற்பவர்களைத்தான் நெட்வொர்க் என்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டிக்கொண்டிருப்பதற்கு இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழில், அதுவும் ஓர் ஊரை வைத்து எழுதுகிற தளத்துக்கு, இன்னொரு நெட்வொர்க்கால் விடிவு வராது. நம் வாசகரின் மதிப்பு கலிபோர்னியாவில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. தெற்குமாசி வீதியில் கடை வைத்திருப்பவருக்குத் தெரியும். மதுரைச் சுற்றுவட்டாரத்துப் பஸ் நேரம், திருவிழாத் தேதி, மல்லிகை விலை, எந்த ரோட்டை அடைத்திருக்கிறார்கள் என்கிற சமாச்சாரங்களை எழுதும் என் தளத்தில் மாற்று நெட்வொர்க்குகளைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

ஆட்சென்ஸைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. 2003-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் தமிழுக்கு இடம் கிடைத்தது 2018 பிப்ரவரியில்தான். இந்திக்கு 2014 டிசம்பரிலேயே கிடைத்துவிட்டது. அந்த வருத்தம் நியாயம். ஆனால் விளம்பரதாரர் கட்டும் பணத்தில் ஏறத்தாழ 68 சதவீதம் தளம் நடத்துபவருக்குப் போகிறது என்பது கூகுளே சொல்லும் கணக்கு. நடுவில் இருப்பவன் அமுக்கிக்கொள்கிறான் என்கிற புலம்பலில் அதனால் பெரிய சாரமில்லை. ஏலமே தாழ்வாகத்தான் போகிறது. ஒருவர் போனில் நம் பக்கம் திறக்கும் அந்த ஒரு நொடிக்குள் அங்கே இருக்கும் விளம்பரக் கட்டத்துக்கு ஏலம் நடந்து முடிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் கிரெடிட் கார்டு பற்றி எழுதிய பக்கத்துக்குக் கை தூக்க ஏகப்பட்ட பேர். தமிழில் திருப்பரங்குன்றம் பஸ் நேரத்துக்கு யார் கை தூக்குவார்கள்? அதே பக்கத்தைச் சிங்கப்பூரிலோ டொராண்டோவிலோ ஒருவர் திறந்தால் தொகை சட்டென்று ஏறும். அழகர் ஆற்றில் இறங்கும் நேரத்தைச் சொல்லும் பக்கம் சித்திரையில் எனக்கு நாலு காசு தருகிறது என்றால் வெளிநாட்டில் இருக்கும் மதுரைக்காரர்களால்தான். உள்ளூர்க்காரர்கள் அந்நேரம் ஆற்றுக்குள் நிற்கிறார்கள்.

ஆயிரம் பார்வைக்கு அரை டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் அனுப்புவார்கள். அதற்கு இரண்டு லட்சம் பார்வை வேண்டும். சின்னத் தளத்துக்கு இது எத்தனை மாதக் கதை என்று அவரவர் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சரி, மாற்று என்று சொல்லப்படுபவை. மீடியா.நெட் பெயரை எல்லாரும் சொல்வார்கள். மும்பைக்காரர் திவ்யாங்க் துராக்கியா தொடங்கி, யாஹூ, பிங் விளம்பரங்களை வைத்து வளர்ந்து, 2016-இல் ஏறத்தாழ 90 கோடி டாலருக்குச் சீன முதலீட்டாளர்கள் கைக்குப் போன நிறுவனம். அவர்கள் எதிர்பார்ப்பது பெரும்பாலும் ஆங்கில எழுத்து, அமெரிக்க, பிரிட்டிஷ், கனடா வாசகர். மீடியாவைன் பல வருடங்களாக மாதம் 50,000 செஷன் (ஒருவர் ஒரு முறை வந்து பார்த்துப் போவது ஒரு செஷன்) இல்லாதவர்களை உள்ளேயே விடவில்லை. தபூலாவும் அவுட்பிரெய்னும் பெரிய செய்தித்தளங்களுக்கானவை. செய்திக்கு அடியில் கட்டம் கட்டமாகத் தொப்பையும் வழுக்கையும் வருமே, அந்தச் சரக்கு. பழைய ஆட்களுக்குச் சிட்டிகா நினைவிருக்கும், அது 2019-இல் கடையைச் சாத்திவிட்டது. நம் இணைப்பு வழியாகப் பொருள் விற்றால் கமிஷன் தரும் அமேசான் அசோசியேட்ஸ், பொருட்களைப் பற்றி எழுதுகிறவர்களுக்குச் சரி. ஆனால் சேர்ந்து 180 நாளுக்குள் மூன்று விற்பனையாவது நடக்க வேண்டும். மாட்டுத்தாவணியில் பூ என்ன விலை என்று பார்க்க வந்தவர் மிக்ஸி வாங்கிக்கொண்டா போவார்?

கடைசியில் மிஞ்சுவது பாப்-அண்டர், புஷ் நோட்டிஃபிகேஷன் ரகம்: கேட்காமலே பின்னால் இன்னொரு ஜன்னலைத் திறப்பது, போனில் அறிவிப்பாக வந்து விழுவது. மொழித் தடை இல்லை, குறைந்தபட்ச ட்ராஃபிக் கிடையாது, இவ்வகை நிறுவனங்களில் சில 5 டாலர் சேர்ந்தாலே கொடுத்துவிடும். அந்த 5 டாலர்தான் தூண்டில். அப்படி ஒன்றை, பெயர் வேண்டாம், என் தளத்தின் ஒரு பகுதியில் மட்டும் போட்டிருந்தேன். வருமானக் கணக்கு காட்டும் டாஷ்போர்டில் எண்கள் அழகாக ஏறிக்கொண்டிருந்தன. என் லேப்டாப்பில் தளம் பளிச்சென்று இருந்தது. அப்போது உசிலம்பட்டியிலிருந்து சித்தி கூப்பிட்டார்.

"ஏப்பா, ஒஞ் சைட்டத் தொறந்தேன். போன்ல வைரஸ் இருக்குன்னு செகப்பு செகப்பா வருது. என்னத்தையோ ஏத்தச் சொல்லுது. ஏத்தவா?"

"ஏத்தாதீக சித்தி. மொதல்ல அதை மூடுங்க."

"மூடுனா திரும்பத் தொறக்குதுப்பா."

அன்று சாயங்காலமே அந்த விளம்பர நிரலைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டேன். சித்தி கேட்டார், கேட்காமல் ஏற்றியவர்கள் எத்தனை பேரோ. தளம் நடத்துகிறவர் கண்ணுக்கு இது ஏன் படுவதில்லை என்பதற்குக் காரணம் உண்டு. இந்த விளம்பரங்கள் பெரும்பாலும் ஒரு ஆளுக்கு ஒரு நாளில் இத்தனை தடவை என்று கணக்கு வைத்து வருகின்றன. எந்தப் போன், எந்த நெட்வொர்க் என்று பார்த்தும் வருகின்றன. ஆபீஸ் வைஃபையில் லேப்டாப்பில் பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனில், மொபைல் டேட்டாவில், இன்காக்னிட்டோவில் திறந்து பாருங்கள். உங்கள் வாசகர் பார்க்கும் தளம் அதுதான்.

இது நல்ல மனசு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. எரிச்சலூட்டும் விளம்பரம் போடும் தளங்களில் குரோம் உலாவியே விளம்பரங்களை மறைத்துவிடும். 2018 பிப்ரவரியில் அமெரிக்க, ஐரோப்பியத் தளங்களோடு தொடங்கியது, 2019 ஜூலை 9 முதல் எல்லா நாட்டுக்கும் வந்துவிட்டது. நெட்வொர்க்குக்காரர் ஒரு டாலர் தருகிறார் என்று பாப்-அப் போட்டால், ஆட்சென்ஸ் கட்டங்களும் சேர்ந்தே காணாமல் போக வாய்ப்புண்டு. ஆட்சென்ஸோடு வேறு நிறுவன விளம்பரம் சேர்த்துப் போடத் தடையில்லை, ஆனால் அதுவும் எரிச்சலூட்டாத ரகமாக இருக்க வேண்டும்.

அடுத்தது ரம்மி. கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள்ளும் நெட்வொர்க்குகளில் சூதாட்ட விளம்பரம் எப்படியாவது நுழைந்துவிடும், அதுவும் தமிழிலேயே. ஆன்லைன் சூதாட்டத்துக்குத் தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டுச் சட்டமே தடை போட்டிருக்கிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்தில், பணம் கட்டி ஆடும் விளையாட்டுக்கு விளம்பரம் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். "நான் போடல சார், நெட்வொர்க் போட்டுச்சு" என்று ஸ்டேஷனில் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு ஒன்றைச் சோதித்துத்தான் பார்ப்பேன் என்பவர்களுக்குச் சில விஷயங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் சோதிக்காதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை எல்லா விளம்பரதாரரும் பணத்தை இறைக்கிற காலம், அப்போது எந்த நெட்வொர்க்கும் தங்கமாகத்தான் தெரியும். ஜனவரியில் அதே நெட்வொர்க் பல்லிளிக்கும். எங்கள் பக்கம் இன்னொரு வினோதம் உண்டு: அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு நாட்களில் பார்வைகள் எக்கச்சக்கமாக ஏறும், ஆயிரத்துக்கான வருமானம் இறங்கிவிடும். மாடு பிடித்தது யார் என்று பார்த்துவிட்டு அடுத்த நொடி போய்விடுகிற கூட்டம் அது. ஆகவே இந்த மாதத்தைப் போன மாதத்தோடு ஒப்பிடாமல், ஒரே வாரத்தில் பாதிப் பக்கங்களில் பழையது, பாதிப் பக்கங்களில் புதியது என்று ஓட விடுங்கள். வருமானத்தோடு ஒரு ஆள் எத்தனை பக்கம் படிக்கிறார், திரும்பி வருகிறாரா என்பதையும் பாருங்கள். டாஷ்போர்டில் காட்டும் தொகை உத்தேசம்தான். செல்லாத க்ளிக் என்று மாதக் கடைசியில் கழிப்பார்கள். வங்கிக்கு வந்ததுதான் வருமானம். 100 டாலர் வரம்புள்ள இடத்தில் 37 டாலர் சேர்ந்ததும் வெளியே வந்தால் பெரும்பாலும் அந்த 37-ஐ மறந்துவிட வேண்டியதுதான். ஆட்ஸ் டாட் டெக்ஸ்ட் கோப்பில் அவர்கள் ஒட்டச் சொன்ன வரிகளையும் மறக்காமல் அழித்துவிடுங்கள். உங்கள் தளத்தின் பெயரில் யாரெல்லாம் விளம்பர இடம் விற்கலாம் என்று ஊருக்குச் சொல்லும் பட்டியல் அது. விலகிய பிறகும் பழைய ஆட்களின் பெயரை அதில் எதற்குச் சுமக்க வேண்டும்?

இப்போது மாசி வீதிக்கு வருகிறேன்.

நான் முதலில் பேசியது சுங்குடிச் சேலை விற்கும் ஒரு பெரியவரிடம். வெப்சைட் என்றதும், "அதெல்லாம் ஆயிரம் பேரு பாத்தா எத்தன பேரு வாங்குவாக தம்பி?" என்றார். சுங்குடிக்கு 2005-இலேயே புவிசார் குறியீடு கிடைத்தும் பிரிண்ட் போட்ட போலிச் சேலையை நிறுத்த முடியவில்லை என்ற கவலையில் இருந்தார். கையால் முடிச்சுப் போட்டதையும் அச்சடித்ததையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று நான் எழுதியிருந்த பக்கத்தைப் போனில் காட்டினேன். அதை முழுசாகப் படித்தார். இந்தப் பக்கத்தில் மட்டும் உங்கள் கடைப் பெயர் இருக்கும், வேறு சேலைக்கடை வராது என்றேன். அதன் பிறகுதான் பேச்சு விலைக்கு வந்தது. போஸ்டர் செலவோடு அவரே ஒப்பிட்டார்: "போஸ்டரு ராத்திரி ஒட்டுனா, விடியறதுக்குள்ள அதும்மேல ஒருத்தன் காதுகுத்துப் போஸ்டர ஒட்டிருவான். இது ஒரு மாசம் நிக்கும்ல?"

நிற்கும் என்றேன். மாதம் 1,500 ரூபாய். டாலரை 85 ரூபாய் என்று வைத்தால், மேலே சொன்ன அரை டாலர் கணக்கில் முப்பத்தைந்தாயிரம் பார்வைக்கு வரும் பணம். அந்தப் பக்கத்துக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூடப் பார்வை கிடையாது. ஆனால் வருகிற ஒவ்வொருவரும் சுங்குடி வாங்கும் யோசனையில் வருகிறவர். ஏலத்தில் கை தூக்காதவர்களுக்கு இது தெரிய வழியில்லை.

எத்தனை பேர் வாங்குவார்கள் என்ற அவருடைய கேள்விக்கும் பதில் வைத்தேன். விளம்பரத்தைத் தொட்டால் கடையின் வாட்ஸ்அப் திறக்கும், "மதுரை சைட் பார்த்துட்டு கேக்குறேன்" என்று ஒரு வரி தயாராக இருக்கும். அந்த வரியோடு வந்த செய்திகளைக் கடைப் பையனே எண்ணிக்கொள்ளலாம். இம்ப்ரெஷன் (எத்தனை தடவை காட்டினோம்), சிடிஆர் (அதில் எத்தனை சதவீதம் தொட்டார்கள்) என்று பாடம் எடுத்தால் கடைக்காரர் கொட்டாவி விடுவார்.

இதிலும் தலைவலி இல்லாமல் இல்லை. ஃபிளெக்ஸ் போர்டு டிசைனை அப்படியே அனுப்புவார்கள்: மீனாட்சி சொக்கர், தாத்தா படம், நாலு போன் நம்பர், எல்லாம் தீப்பெட்டி அளவு இடத்தில். நானே வேறு செய்துகொடுப்பேன், "தாத்தா எங்கப்பா?" என்று கேட்பார்கள். அஷ்டமி நவமியில் தொடங்கக் கூடாது. பணம் அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம். இப்போது முன்பணம் வாங்காமல் போடுவதில்லை. சிலர் ஜிஎஸ்டி பில் கேட்பார்கள். உள்ளூர்ச் சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டாதவரை பதிவு தேவையில்லை என்று சொல்லிச் சாதாரண ரசீது கொடுக்கிறேன்.

இவற்றைவிடப் பெரிய சிக்கல் எழுத்தில் கை வைப்பது. கடை இருக்கும் தெருவில் பள்ளம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், அந்தப் பக்கம் வண்டியில் போகாதீர்கள் என்று எழுதினேன். அங்கே கடை வைத்திருக்கும் விளம்பரதாரர் ஒருவர் அதை எடுக்கச் சொன்னார், வியாபாரம் படுத்துவிடும் என்றார். அவர் சொன்னது உண்மைதான், படுக்கும். நான் எடுக்கவில்லை, அடுத்த மாதம் அவர் இல்லை. நெட்வொர்க் விளம்பரத்தில் இந்தத் தொல்லை இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எந்தக் கட்டமாக இருந்தாலும் மேலே 'விளம்பரம்' என்று போடுகிறேன், இணைப்பில், இது காசு வாங்கிப் போட்டது என்று தேடுபொறிக்குச் சொல்வதற்காக 2019-இல் கூகுள் கொண்டுவந்த ஸ்பான்சர்டு குறியையும் சேர்க்கிறேன்.

ஆட்சென்ஸை நான் தூக்கவில்லை. சிறு தளங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் கூகுள் ஆட் மேனேஜரில் கடை விளம்பரத்துக்கு முன்னுரிமை கொடுத்து, விற்காத இடத்தை ஆட்சென்ஸுக்கு விட்டுவிடுகிறேன். விளம்பரக் கட்டத்துக்கு வேண்டிய உயரத்தை முன்கூட்டியே ஒதுக்கிவிட்டால் விளம்பரம் தாமதமாக வந்தாலும் எழுத்து குதிக்காது.

ஊர் சார்ந்த தளம் வைத்திருக்கும் மேலூர், திருமங்கலம், திண்டுக்கல், சிவகங்கைக்காரர்கள் இதைச் செய்யலாம். சமையல் தளம் என்றால் செக்கு எண்ணெய்க்காரர்களிடமும் மசாலா அரைப்பவர்களிடமும் பேசுங்கள், நாலு வாட்டி அலைந்தால் ஒருவர் மாட்டுவார். வேலைவாய்ப்புத் தளங்களுக்குக் கோச்சிங் சென்டர்கள் இருக்கின்றன. கவிதைத் தளம் நடத்துகிறவர்கள் ஆட்சென்ஸையே வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பக்கத்தின் அடியில் ஒரு ஜிபே க்யூஆர் போட்டு வாசகரிடமே கேட்டுவிடுங்கள்.