மூழ்கும் என்று தெரிந்தே கட்டினார்கள்

ஜப்பானில் ஒசாகா நகருக்கு அருகே கடலில் கட்டிய கன்சாய் விமான நிலையத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "அதுதான் கடலில் மூழ்கிக்கொண்டிருக்கிறதே" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு இது பொறுக்கவில்லை. இறங்கும் என்று தெரிந்தே கட்டிய கட்டடத்தை, இறங்குகிறது என்று சொல்லிக் குறை காண்பது என்ன நியாயம்?

ஒசாகாவின் பழைய இதாமி விமான நிலையத்தைச் சுற்றி வீடுகள் நெருங்கிவிட்டன. இரைச்சல் தாங்காத மக்கள் நீதிமன்றம் வரை போனார்கள். இரவிலும் விமானங்கள் வந்துபோக வேண்டுமானால் ஊரைவிட்டு விலகித்தான் ஆக வேண்டும். கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தள்ளி, ஏறக்குறைய 18 மீட்டர் ஆழமுள்ள கடலில் மண் கொட்டித் தீவு எழுப்பும் வேலை 1987இல் தொடங்கியது. அடியில் இருந்ததோ நீர் கோத்த களிமண். பாரம் ஏற ஏற நீரைக் கக்கி அமுங்கும். அது சீக்கிரம் நடக்கட்டும் என்று லட்சக்கணக்கான மணல் தூண்களை உள்ளே இறக்கினார்கள். அதற்கும் கீழே வெகு ஆழத்தில் கிடந்த களிமண் அடுக்குகளை அந்தத் தூண்கள் எட்டவில்லை. கணித்ததைவிடத் தீவு அதிகம் இறங்கியது அதனால்தான். 1994இல் திறக்கும்போதே ஏறக்குறைய 10 மீட்டர் இறங்கியிருந்தது.

ரென்சோ பியானோ வடிவமைத்த முனையத்தின் நீளம் 1.7 கிலோமீட்டர். இவ்வளவு நீண்ட கட்டடம் ஒரே சீராக இறங்கினால் பரவாயில்லை. ஒரு பக்கம் கூடுதலாக இறங்கினால் கண்ணாடி விரிசல் விடும், கூரை முறுக்கிக்கொள்ளும். ஆகவே சுமார் 900 தூண்களின் மட்டத்தையும் அளந்துகொண்டே இருக்கிறார்கள். தாழ்ந்துபோன தூணை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் இரும்புத் தகட்டைச் செருகி, மறுபடி இறக்கி வைக்கிறார்கள். கட்டி முடித்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், பிற்காலப் பராமரிப்பையும் வரைபடத்திலேயே சேர்த்த இந்த யோசனையை அதன் அலைபோன்ற கூரையைவிட உயர்வாக மதிக்கிறேன். 1995 ஜனவரியில் கோபே நகரைச் சிதைத்த நிலநடுக்கம் பக்கத்தில்தான் நிகழ்ந்தது. முனையம் அசராமல் நின்றது.

குறை சொல்லத்தான் வேண்டுமென்றால் சரியான இடத்தில் சொல்லுங்கள். 2018 செப்டம்பர் 4, திறந்து சரியாக 24 ஆண்டுகள் நிறைந்த நாள். ஜெபி சூறாவளியில் கடல்நீர் தடுப்புச் சுவரைத் தாண்டி ஓடுபாதையை மூடியது. நங்கூரம் நிலைக்காத எண்ணெய்க் கப்பல் ஒன்று, தீவைக் கரையோடு இணைக்கும் பாலத்தில் மோதியது. ஆயிரக்கணக்கானோர் தீவில் சிக்கிக்கொண்டார்கள். மின் சாதனங்களில் ஒரு பகுதி நிலவறையில் இருந்ததால் வெள்ளம் புகுந்து மின்சாரமும் போயிற்று. தூணுக்குத் தூண் இவ்வளவு முன்யோசனை காட்டியவர்கள், நாலாபுறமும் கடல் சூழ்ந்த தீவில் மின் சாதனங்களை நிலத்துக்கு அடியில் வைத்ததை என்னால் ஏற்கவே முடியவில்லை. தடுப்புச் சுவர்களைப் பிறகு உயர்த்தினார்கள். அந்த அக்கறை 1994இலேயே இருந்திருக்க வேண்டும்.