முதலை ஆகாமல் பேச வேண்டும்
சொற்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்த பிறகே, ஒருவர் திட்டமிட்டு உருவாக்கிய மொழியில் சரளம் வரும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அப்படி உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோ மொழியைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. அதை உருவாக்கிய சாமென்ஹாஃப் 1887-இல் வெளியிட்ட அதன் முதல் நூலில் இருந்தவை சுமார் 900 வேர்ச்சொற்கள்தான். மிச்சத்தை நாமே ஒட்டிக்கொள்ளலாம். ‘சானா’ என்றால் நலமான, ‘மல்சானா’ நோயுற்ற, ‘மல்சனூலோ’ நோயாளி, ‘மல்சனுலேயோ’ மருத்துவமனை. பேச்சின் நடுவிலேயே சொல் பிறந்துவிடும். விகுதி விகுதியாக ஒட்டிப் பழகிய தமிழருக்கு இது புதுசும் இல்லை.

கஷ்டம் வேறிடத்தில். எஸ்பெராண்டோ கூட்டத்தில் தாய்மொழிக்குத் தாவுகிறவரைக் கிண்டல் செய்யவே ‘க்ரோகோடீலி’ என்றொரு வினைச்சொல் உண்டு, அதாவது முதலையாவது! நான் மூன்று மாதம் தனியாகப் படித்தேன். வாசிக்க வந்தது. வாயைத் திறந்தால் இன்னும் முதலைதான்.