சாரம் அவர்கள் சொல், பெலிக்காட் நம்ம ஊர்

சென்னையில் லுங்கி. தஞ்சை, நாகைப் பக்கம் கைலி. திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவிலில் தொடங்கி கடல் தாண்டி யாழ்ப்பாணம் வரைக்கும் சாரம். துணி ஒன்றுதான். ஆனால் 'சாரம்' என்ற சொல்லை வைத்து அவ்வப்போது இங்கே ஒரு பஞ்சாயத்து கிளம்பிவிடுகிறது. இடுப்பைச் சார்ந்து இருப்பதால் சாரம், ஆகவே தூய தமிழ் என்று ஒருவர் எழுதுவார். கீழே வரிசையாகக் கைதட்டல். (கொத்தனார் கட்டுகிற சாரம் வேறு கதை, அதை இதில் இழுக்க வேண்டாம்.)

இது மலாய்க்காரர்களிடமிருந்து வந்த சொல். அவர்கள் மொழியில் 'சாருங்' என்றால் உறை. தலையணை உறை 'சாருங் பந்தால்', கையுறை 'சாருங் தாங்கான்', குத்துவாளின் உறையும் சாருங்தான். இந்தப் பொருள் எவ்வளவு பொருத்தம் என்று தெரிய வேண்டுமானால் ஜவுளிக்கடைக்குப் போங்கள். புதுச் சாரம் நீளத் துணியாகத்தான் கையில் வரும். வாசலில் தையல் மிஷின் போட்டிருக்கிற அண்ணாச்சியிடம் "மூட்டிக் கொடுங்க" என்று நீட்டினால், இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்து ஒரே ஓட்டு ஓட்டிக் கொடுத்துவிடுவார். அந்த ஒரு தையல் விழுந்த பிறகுதான் அது உறை. மூட்டாமல் கட்டினால் கலர் வேட்டி, அவ்வளவுதான்.

லுங்கியும் வெளியிலிருந்து வந்த சொல்தான், பாரசீகத்திலிருந்து இந்துஸ்தானி வழியாக. பர்மாவில் அதையே லோன்ஜி என்கிறார்கள்.

சரி, சொல் போய்விட்டதே என்று வருத்தப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. அதே மலாய்க்காரர்கள் நம் கட்டம் போட்ட சாரத்தை என்னவென்று அழைக்கிறார்கள் தெரியுமா? 'காயின் பெலிக்காட்'. காயின் என்றால் துணி. பெலிக்காட் என்பது பழவேற்காடு! பூநாரை பார்க்கவும் நண்டு வாங்கவும் நாம் போகிற அதே திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காடுதான்.

டச்சுக்காரர்கள் 1613இல் அங்கே கெல்திரியா கோட்டையைக் கட்டினார்கள். அவர்களுக்கு வேண்டியது கிழக்குத் தீவுகளின் கிராம்பும் ஜாதிக்காயும். அந்தத் தீவுக்காரர்கள் அதற்கு மாற்றாக விரும்பி வாங்கியது சோழமண்டலக் கரையின் துணி. டச்சுக்காரர்களுக்கு முன்பே நம் வணிகர்கள் ஓட்டிக்கொண்டிருந்த வியாபாரம்தான் அது. 1690இல் டச்சுத் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. பெயர் மட்டும் துணியோடு ஒட்டிக்கொண்டது. ஸ்காட்லாந்து நெசவாளர்கள்கூடப் பிற்பாடு வண்ணக் கைக்குட்டை நெய்து, அதைப் 'புலிகேட்' என்றே விற்றார்கள். காப்பியடித்தாலும் ஊர்ப்பெயரை விடவில்லை.

ஆக, அவர்கள் சொல்லை நாம் வைத்திருக்கிறோம், நம் ஊர்ப்பெயரை அவர்கள் வைத்திருக்கிறார்கள். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? சொல்லுக்குத் தமிழ் வேர் கண்டுபிடிக்கச் செலவழிக்கிற நேரத்தில், குறிஞ்சிப்பாடியிலும் குடியாத்தத்திலும் தறியில் உட்கார்ந்து கைலி நெய்கிறவர்களுக்கு என்ன கூலி கிடைக்கிறது என்று ஒருமுறை விசாரிக்கலாம். பெருமைப்பட வேண்டிய இடம் அகராதி இல்லை, தறி என்பது என் கட்சி.

மலேசியாவில் பெலிக்காட் கட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குத் தொழப் போகிறார்கள். நம் ஊரில் அதற்கு அந்த மரியாதை இல்லை. 2014இல் சென்னையில் ஒரு கிளப், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடவில்லை. தமிழ்நாடே கொதித்தது. அந்த வருஷமே சட்டமன்றத்தில் தடையை நீக்கிச் சட்டமும் வந்தது. நல்ல சட்டம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அன்றைக்கு வேட்டிக்காகப் பொங்கிய எத்தனையோ பேர், வீட்டு விசேஷத்தில் சாரத்தோடு நிற்கிற பெரியவரைப் பார்த்து, "மாமா, போய் ஒரு பேண்ட் மாத்திட்டு வாங்களேன், போட்டோ எடுக்கணும்" என்கிறவர்கள்தான்.