வெள்ளம் தணுத்திருக்கு

ஆடி மாத விடியலில் மாமாவோடு வள்ளத்தில் போனால், குளச்சல் கரை கண்ணுக்குச் சிறுத்ததும் எஞ்சினை அணைத்துவிடுவார். குனிந்து முழங்கை வரை கடலுக்குள் கையை விட்டுச் சற்று நேரம் அப்படியே இருப்பார். "வெள்ளம் நல்லா தணுத்திருக்கு மக்ளே, நெத்திலி கிடைக்கும்." நம்ம பக்கம் வெள்ளம் என்றால் தண்ணீர், தணுப்பு என்றால் குளிர்ச்சி. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அடியாழத்துக் குளிர்ந்த நீர் நம்ம கரையோரம் மேலேறி வரும். அதோடு வரும் சத்தில் நுண்பாசி பெருகும், மீன் கூடும். இதை மாமா கையாலேயே படித்துவிடுவார்.

புயலைக் கையால் படிக்க முடியாது. 2017 நவம்பர் 29-ல் இலங்கைப் பக்கம் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலையில் குமரிக் கடலில் ஒக்கிப் புயலாகிவிட்டது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆட்கள் அதற்கு எத்தனையோ நாள் முன்பே தங்கல் தொழிலுக்கு, அதாவது ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன்பிடிக்க, போயிருந்தார்கள். கரையிலிருந்து வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. அந்த ஊர்களின் கல்லறைத் தோட்டங்களில் உடல் இல்லாமல் பெயர் மட்டும் இருப்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

புயலுக்குத் தீனி கடலின் சூடுதான். மேல்தோலின் சூட்டைச் செயற்கைக்கோள் பார்த்துவிடும். அந்தச் சூடு எத்தனை மீட்டர் ஆழம் வரை இருக்கிறது என்பதைக் கடலுக்குள் இறங்கித்தான் அளக்க வேண்டும். அதற்கு ஆர்கோ மிதவைகள் உலகம் முழுக்க ஏறத்தாழ 4,000 மிதக்கின்றன. 1,000 மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு போய், பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி, வெப்பத்தையும் உப்பையும் அளந்தபடி மேலே வந்து செயற்கைக்கோளுக்குச் சொல்லும். நம் நாட்டுக்கு இந்த வேலையைப் பார்ப்பது ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம். பருவமழைக் கணிப்புக்கும் இந்த அளவுகள்தான் கை கொடுக்கின்றன.

சரி, நம்ம கடலுக்கு வருவோம். குமரிக்குத் தெற்கே இருக்கும் வெட்ஜ் பாங்க் ஆழம் குறைந்த மேடு. ஆழ்கடலுக்காகச் செய்த மிதவை அங்கே சரிப்படாது. ஆனால் நம்ம படகுகள் அங்கே போய்வந்துகொண்டுதான் இருக்கின்றன. நியூசிலாந்தில் மீனவர்களின் வலையிலும் கூண்டிலும் கையடக்க வெப்பமானியைக் கட்டிவிடுகிறார்கள். வலை இறங்கி ஏறும்போதே அளவெடுத்து, கணினிக் கணிப்பு மாதிரிகளுக்கு அனுப்பிவிடுகிறது. இங்கேயும் இதைச் செய்யவேண்டும், அதுவும் தூத்தூரிலிருந்தே தொடங்கவேண்டும் என்பேன். அந்த ஊர்க்காரர்கள் போகாத கடலா?

மாமாவிடம் சொன்னேன். வலையைப் பிரித்துக்கொண்டே கேட்டார்: "கெட்டித் தரட்டும், வலையோட போகும், வலையோட வரும். நான் கொண்டுவார கணக்க எனக்கும் சொல்லுவாங்களா?"

சொல்லவேண்டும். அடுத்த நாள் வள்ளம் இறக்குவதற்குள், தமிழில், அவர் போனுக்கு வரவேண்டும். தங்கலில் இருப்பவர்களுக்கு, சிக்னல் எட்டாத இடத்திலும் செயற்கைக்கோள் வழியாகப் படகுக்கே வரவேண்டும்.