எல்லாத் திட்டமும் இருக்கிறது, குடும்பத்தைப் பார்க்கத்தான் ஆள் இல்லை

எங்கள் தெருமுனையில் துணி தேய்க்கும் அக்காவின் வீட்டுக்காரர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். ஒரு ராத்திரி வீட்டிலேயே உயிர் போய்விட்டது. கடன் வாங்கிக் காரியம் செய்தார்கள். இறப்பைப் பதிய வேண்டும் என்று அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை. 21 நாளுக்குள் பதிந்திருக்க வேண்டும். ஒரு வருடம் தாண்டிவிட்டதால் கோட்டாட்சியர் உத்தரவு இல்லாமல் சான்றிதழ் கிடைக்காது. அந்த ஒரு தாள் இல்லாமல் எதெல்லாம் நின்றுபோகும் என்பது, அக்காவோடு அலைந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

இறப்புச் சான்று இல்லையென்றால் விதவை ஓய்வூதியம் இல்லை. வாரிசுச் சான்று இல்லை. ரேஷன் அட்டையில் இறந்தவர் பெயர் அப்படியே இருக்கும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் கேட்டால், முதலில் வாரிசுச் சான்று கொண்டு வாருங்கள் என்பார்கள். அதற்குள் அவருடைய பதிவு புதுப்பிக்காமல் காலாவதி ஆகிவிட்டது என்பது தனிக்கதை. சின்னவனுக்குக் காது கேட்காது. அவனுடைய மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு மாவட்டத் தலைநகரம் போக வேண்டும். ஆதாரில் பழைய வாடகை வீட்டு முகவரி. அதை மாற்ற இன்னொரு வரிசை.

போன வருடம் எங்கள் பகுதியில் ஒரு குறைதீர் முகாம் நடந்தது. பந்தல் போட்டு, துறைக்கு ஒரு மேஜை. எல்லாரும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள், இன்றைக்கு முடிந்துவிடும் என்று நம்பித்தான் போனோம். முதல் மேஜையில் இரண்டாவது மேஜையின் சான்று கேட்டார்கள். இரண்டாவதில் நான்காவதன் கையெழுத்து. நான்காவதில் இருந்தவர் பொறுமையாகப் பேசினார், தண்ணீர்கூடக் கொடுத்தார், அப்புறம் "இது எங்க துறை இல்லீங்கம்மா" என்றார். நாலு மேஜைக்கும் நடுவே பத்தடி தூரம்கூட இல்லை. ஆனால் ஒரு மேஜையில் இருப்பது அடுத்த மேஜைக்குத் தெரியாது. தெரியவைக்கும் வேலை அக்காவுடையது. அந்த வேலைக்கு அவருக்குக் கூலி கிடையாது, இருக்கிற கூலியும் போகும். 2025-26இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த நாள் கூலி 336 ரூபாய். ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் அப்போது மாதம் 1,200. நாலு நாள் அலைந்தால் ஒரு மாத ஓய்வூதியத்துக்கு மேலேயே கையை விட்டுப் போகிறது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அக்காவுக்கு அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ரேஷனில் விலையில்லா அரிசி வருகிறது. பிள்ளைகளுக்குப் பள்ளியில் காலையிலும் மதியமும் சாப்பாடு. மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் மாதாமாதம் வங்கியில் ஏறுகிறது. அந்தக் குடும்பம் இன்றைக்கு நிற்கிறது என்றால் இவற்றால்தான். ஆனால் கவனித்துப் பாருங்கள். இவற்றில் பெரும்பாலானவை ஏறக்குறைய எல்லாருக்குமான திட்டங்கள், பெரிதாகத் தாள் கேட்காதவை. பள்ளியில் தட்டோடு உட்காரும் பிள்ளையிடம் வருமானச் சான்று எங்கே என்று நாம் கேட்பதில்லை. எங்கே தாள் கேட்க ஆரம்பிக்கிறோமோ, அங்கேதான் மிகவும் ஏழையாக இருப்பவர் கழன்று விழுகிறார். வறுமை அதிகமாக அதிகமாக வீட்டில் தாள் குறைவு. பழங்குடிக் குடும்பங்கள் சாதிச் சான்றுக்காக எத்தனை ஆண்டுகள் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடக்கிறார்கள் என்று அவர்களோடு வேலை செய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

நிதி ஆயோக் கணக்குப்படி 2019-21இல் தமிழ்நாட்டில் பல்பரிமாண வறுமையில், அதாவது உடல்நலம், கல்வி, வாழ்க்கை வசதி எல்லாம் சேர்த்துப் பார்க்கும் வறுமையில், இருப்பவர்கள் 2.2 சதவீதம். 2015-16இல் இது 4.76. பாதிக்கு மேல் குறைத்திருக்கிறோம், பெருமைதான். மிச்சம் இருப்பவர்கள்தான் கஷ்டமான பகுதி. பெரிய வலையில் அகப்படாதவர்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு காரணம்: ஒரு வீட்டில் நோய், ஒரு வீட்டில் குடி, ஒரு வீட்டில் பட்டா இல்லாதது. இவர்களுக்காக இன்னொரு திட்டம் அறிவித்தால் இன்னொரு மேஜை கூடும், அவ்வளவுதான்.

கேரளாவில் இதை வேறு மாதிரி செய்து பார்த்தார்கள். 2021 மே மாதம் பதவியேற்ற அரசு, முதல் அமைச்சரவைக் கூட்டத்திலேயே அதிதீவிர வறுமையை ஒழிப்பது என்று முடிவெடுத்தது. உள்ளாட்சிகளும், குடும்பஸ்ரீ என்ற அந்த ஊர் மகளிர் குழு அமைப்பின் பெண்களும் வார்டு வார்டாகப் போனார்கள். உணவு, உடல்நலம், வீடு, வருமானம் என்று நான்கையும் பார்த்து 64,006 குடும்பங்களைக் கண்டுபிடித்தார்கள். நான் மெச்சுவது அதற்கு அடுத்த படியை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனியாக ஒரு திட்டம் எழுதினார்கள்: உடனே செய்ய வேண்டியது, கொஞ்ச நாளில் செய்ய வேண்டியது, நீண்ட காலத்தில் செய்ய வேண்டியது. பலருக்கு முதலில் தேவைப்பட்டது பணம்கூட இல்லை. ஆதார், ரேஷன் அட்டை மாதிரியான தாள்கள். அவற்றை எடுத்துக் கொடுக்கவே தனி இயக்கம் நடத்தினார்கள். 2025 நவம்பர் 1 அன்று, அதிதீவிர வறுமை இல்லாத மாநிலம் என்று அறிவித்தார்கள்.

அந்த அறிவிப்பைப் பலர் கேள்வி கேட்டார்கள். கேட்டது நியாயம்தான். மிகவும் ஏழைகளுக்கான அந்தியோதயா ரேஷன் அட்டைக் குடும்பங்களே லட்சக்கணக்கில் இருக்கும்போது வெறும் 64,006 எப்படி என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியாது. எனக்கும் ‘ஒழித்துவிட்டோம்’ என்ற வார்த்தையில் உடன்பாடு இல்லை. நாளைக்கே ஒரு வீட்டில் ஒருவர் விழுந்தால் கணக்கு மாறிவிடும். ஆனால் அந்த வேலைமுறை சரி. குடும்பத்தின் பெயரில் ஒரு கோப்பு, அந்தக் கோப்புக்குப் பதில் சொல்ல ஒரு ஆள்.

நம்மிடமும் யோசனைக்குப் பஞ்சமில்லை. 2024 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில் ‘முதலமைச்சரின் தாயுமானவர் திட்டம்’ என்று சொன்னார்கள். மிகவும் வறிய நிலையில் இருக்கும் 5 லட்சம் குடும்பங்களை இரண்டு ஆண்டில் மீட்பது. தனியாக வாழும் முதியோர், ஒற்றைப் பெற்றோர் குடும்பங்கள், மாற்றுத்திறனாளிகள் உள்ள வீடுகள் என்று பட்டியலும் சரியான பட்டியல். 2025 ஆகஸ்டில் அதே பெயரில், முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள் வீடு தேடி வர ஆரம்பித்தது. அதுவும் நல்ல வேலை. ஆனாலும் மக்கள் வாயில் தாயுமானவர் என்றால் இப்போது ரேஷன் வண்டி. அந்த 5 லட்சம் குடும்பம் என்ற முதல் பேச்சு பின்னால் போய்விட்டதே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

எந்தக் கட்சி ஆண்டாலும் நான் கேட்பது இதைத்தான். ஆய்வுக் கூட்டத்தில் துறை துறையாக "இத்தனை பயனாளிகள்" என்று எண்ணுவதோடு, மாதம் ஒருமுறையாவது குடும்பம் குடும்பமாக எண்ணுங்கள். இந்த வீடு ஆறு மாதத்துக்கு முன்னால் எங்கே நின்றது, இப்போது எங்கே நிற்கிறது? ஊராட்சிக்கு ஒரு பெண், நம் மகளிர் குழுவிலிருந்தே வரட்டும், ஐம்பது குடும்பத்தைப் பொறுப்பில் எடுக்கட்டும். ஆனால் வெறும் நோட்டும் பேனாவும் கொடுத்து அனுப்பாதீர்கள். "அந்தக் கையெழுத்து ஏன் இன்னும் விழவில்லை?" என்று அவர் கேட்டால் வட்டாட்சியர் அலுவலகம் பதில் சொல்லியாக வேண்டும். அந்த அதிகாரத்தை ஆட்சியர்தான் கொடுக்க முடியும். மாவட்டத்தில் எல்லாத் துறையும் வந்து சேரும் மேஜை அவருடையது ஒன்றுதான்.

துறைகளின் தகவல்களை இணைத்தால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். இணைக்கலாம். ஆனால் எனக்கு அதில் ஒரு பயம் இருக்கிறது. ஒரு கணினியில் தவறாக விழுந்த ஒரு டிக், எல்லாக் கணினியிலும் சேர்ந்து அந்தக் குடும்பத்தை வெளியே தள்ளிவிடும். யாரையும் நீக்குவதற்கு முன்னால் ஒரு மனிதர் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

அக்காவுக்குப் போன மாதம் இறப்புச் சான்று வந்துவிட்டது. லேமினேட் செய்யலாமா என்று கேட்டார். வேண்டாம் அக்கா, ஜெராக்ஸ் சரியாக விழாது என்று சொல்லி, பத்துப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். ஓய்வூதிய மனுவோடு ஒன்று போயிருக்கிறது. ரேஷன் அட்டையில் பெயர் நீக்க ஒன்று, வாரிசுச் சான்றுக்கு ஒன்று. மீதி ஏழும் பையில் இருக்கின்றன.