91லயே படத்த முடிச்சிட்டாங்க

ஜெயலலிதா கதைய எடுத்த தலைவி படத்த நேத்து ராத்திரி தான் பாத்தேன். 2021ல வந்தப்ப என்னவோ விட்டுட்டேன். ரொம்ப லேட்டுனு தெரியும், ஆனா ஒரு விஷயம் உறுத்திக்கிட்டே இருக்கு, எழுதிட்டுப் போயிடுறேன்.

ஜெயலலிதாவா நடிச்ச கங்கனா பத்தி ஒன்னும் சொல்லப்போறதில்ல, அந்த சண்டையெல்லாம் அப்பவே போட்டு முடிச்சாச்சு. அரவிந்த்சாமி எம்ஜிஆரா வர்ற இடம் எல்லாம் நல்லாவே இருந்துச்சு. எங்கப்பா பழைய திமுக ஆளு, அவரே "பரவால்லயே"ன்னாரு, அதுக்கு மேல சர்டிபிகேட் கிடையாது.

விஷயம் என்னன்னா, படம் 1989 மார்ச் 25 சட்டசபைல ஜெயலலிதாவுக்கு நடந்ததுல ஆரம்பிச்சு, பழைய கதைக்குப் போயிட்டு, 91ல அவங்க முதல்வரா பதவியேத்ததோட முடிஞ்சிருது. ஒரு அவமானம், ஒரு சபதம், ஒரு ஜெயிப்பு. டைட்டில் போட்டதும் அப்பா கேட்டாரு, "என்னடா, இனிமே தானடா கதையே?"

அதானே! ஜெயலலிதான்னா நமக்கு ஞாபகம் வர்றதுல பாதிக்கு மேல 91க்கு அப்புறம் நடந்தது தான. 92ல மகாமக நெரிசல், அதே வருஷம் தான் தொட்டில் குழந்தைத் திட்டம், மகளிர் போலீஸ் ஸ்டேஷன், 95ல வளர்ப்பு மகன் கல்யாணம், 91ல ஜெயிச்ச அதே பர்கூர்லயே 96ல தோத்தது, 2001ல திரும்பி வந்தது, 2003ல ஸ்டிரைக் பண்ணுன அரசு ஊழியர்கள லட்சத்துக்கு மேல ஒரேயடியா டிஸ்மிஸ் பண்ணுனது, 2014ல பெங்களூரு கோர்ட்ல 4 வருஷம் ஜெயில், 100 கோடி அபராதம், அப்புறம் 2016ல மறுபடியும் முதல்வர். இதுல ஒரே ஒரு வருஷத்த எடுத்தா கூட தனி படம் வரும்.

ஏன் எடுக்கல? எனக்குத் தோணுறது இதான். 91 வரைக்கும் அவங்களுக்கு மத்தவங்க செஞ்சது தான் கதை. அம்மா நடிக்க அனுப்புனாங்க, எம்ஜிஆர் கட்சிக்குள்ள கொண்டு வந்தாரு, அவரு இறந்தப்ப ராஜாஜி ஹால்ல ரெண்டு நாள் தலைமாட்டுல நின்னவங்கள இறுதி ஊர்வல வண்டிலேர்ந்து தள்ளி விட்டாங்க. பாக்குறவன் யாரா இருந்தாலும் அவங்க பக்கம் தான் நிப்பான், சேஃப். 91க்கு அப்புறம் செய்றவங்களே அவங்க தான். அங்க டைரக்டர் ஒரு பக்கம் நின்னு ஆகணும், கோர்ட் கேஸ் வேற வரும், கட்சிக்காரன் வேற வருவான். அதனால கோட்டைக்குள்ள போற வரைக்கும் காட்டிட்டு நைசா கதவ சாத்திட்டாங்க.

சரி, 91 வரைக்கும் தான்னு வெச்சுக்கிட்டாலும் 89 எலெக்‌ஷன் ஒன்னு போதுமே. கட்சி ரெண்டா உடைஞ்சு, இரட்டை இலை முடங்கி, இவங்க சேவல், ஜானகியம்மா இரட்டைப் புறா. எம்ஜிஆர் மனைவியே ஆண்டிப்பட்டில தோத்துப் போறாங்க, சேவல் 27 இடம் ஜெயிக்குது. எம்ஜிஆருக்கு யாரு வாரிசுன்னு ஜனங்க முடிவு பண்ணுன தேர்தல் அது. தொண்டன் எப்படி இந்தப் பக்கம் வந்தான், யாரு யார்கிட்ட பேசுனாங்க, இந்தம்மா எத்தன ஊர் சுத்துனாங்க, எனக்கு அது பூரா வேணும். காதலும் கண்ணீரும் ஏற்கனவே நிறைய பாத்தாச்சு.

இன்னொன்னு. 1999ல இந்தி நடிகை சிமி கரேவால் அவங்கள எடுத்த பேட்டி யூடியூப்ல கிடக்கு, பாக்காதவங்க பாருங்க. வெக்கப்பட்டு சிரிச்சுக்கிட்டே ஒரு பழைய இந்தி பாட்டு பாடுவாங்க. 5 வருஷம் கழிச்சு 2004ல டிவி பத்திரிகையாளர் கரண் தாப்பர் எடுத்த பேட்டி, கடைசில உங்ககிட்ட பேசுனதுல சந்தோஷமே இல்லனு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு மைக்க கழட்டி வெச்சிட்டு எழுந்து போயிடுவாங்க. ரெண்டும் ஒரே ஆளு தான். நேத்து படம் முடிஞ்சதும் அப்பாவுக்கு இந்த ரெண்டையும் வரிசையா போட்டுக் காட்டுனேன். படத்துல பாதில கொட்டாவி விட்டவரு இத கண்ணு கொட்டாம பாத்தாரு, முடிஞ்சதும் முதல்லேர்ந்து போடுன்னாரு.